குவாண்டம் கேட்டீங்க, பி.காம் படிச்சவன் சொல்றேன்

இந்த மாசம் வந்த லெட்டர், மெயில் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல குவாண்டம்தான், அதாவது அணு, எலக்ட்ரான், வெளிச்சம்னு ரொம்பப் பொடி விஷயம் எல்லாம் எப்படி நடந்துக்குதுங்கற சயின்ஸ். தப்பு என்னோடது. போன மாசம் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்ப, வீட்ல பழைய சிடி இருந்தா எடுத்து அதுல டியூப்லைட்டைப் பாருங்க, கலர் தனித்தனிக் கோடா பிரியும், அதுக்குள்ளதான் குவாண்டம் இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன், நீங்க விடல. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நான் சயின்ஸ் படிச்சவன் இல்ல. பி.காம் முடிச்சு ஆடிட்டர் ஆபீஸ்ல லெட்ஜர் பாத்தே காலத்தை ஓட்டினவன், இதெல்லாம் ராத்திரி சாப்பிட்டப்புறம் உக்காந்து படிச்சது. அதனால கணக்குப் பிள்ளை பாஷையிலதான் பதில் வரும். பேர் போடாதீங்கன்னு பல பேர் எழுதியிருக்கறதால எல்லாருக்கும் ஊர் மட்டும்.

பத்தாவதோட படிப்பை நிறுத்துனவ நான். பையன் பிளஸ் டூ, குவாண்டம் எண்ணுன்னு என்னமோ படிக்கிறான், என்னடான்னா "உனக்குப் புரியாதும்மா"ங்கிறான். நெசமாவே புரியாதா சார்?
(சிவகாசி வாசகி)

உங்க அடுப்படியில தினம் நடக்குதும்மா. கேஸ் நீலமா எரியுது, சாம்பார் பொங்கி பர்னர் மேல வழியுது, அந்த இடத்துல மட்டும் தீ பளீர்னு மஞ்சளாகுதில்ல? அது சாம்பார்ல இருக்கற உப்பு. உப்புல சோடியம் இருக்கு, சோடியத்தைச் சூடாக்கினா அந்த ஒரு மஞ்சள்தான் வரும், இங்க போட்டாலும் அமெரிக்காவுல போட்டாலும் அதே மஞ்சள், ஒரு நூல் கூட மாறாது. (பர்னர் ஓட்டை அடைச்சுக்கிட்டாலும் மஞ்சளா எரியும், அது கரி, அதுக்கு பர்னரைக் கழுவணும்.) நீங்க சிவகாசி வேற, உங்ககிட்ட போய் நான் சொல்லணுமா, பச்சைக்கு பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்கு தாமிரம்னு பட்டாசு ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. பேரியத்துக்கு 2018ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு, அது தனிக் கதை.

இப்ப கேள்வி என்னன்னா, ஒவ்வொரு பொருளுக்கும் ஏன் அதுக்குன்னு தனிக் கலர்? அணுவுக்குள்ள இருக்கற எலக்ட்ரான் மாடிப்படியில நிக்கற மாதிரி நிக்குது. மூணாவது படியில நிக்கலாம், நாலாவதுல நிக்கலாம், மூணரையில நிக்க முடியாது. சூடு பட்டா மேல் படிக்கு ஏறும், திரும்ப கீழ குதிக்கும், குதிக்கறப்ப அந்த உயர வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும் வெளிச்சமா வெளிய வரும். படியோட உயரம் மாறாது, அதனால கலரும் மாறாது. சோடியத்தோட படி வேற, தாமிரத்தோட படி வேற, அவ்வளவுதான். 1913ல நீல்ஸ் போர்ங்கற டென்மார்க்காரர் ஹைட்ரஜன் அணுவுக்கு இந்தப் படிக் கணக்கைப் போட்டுக் காட்டினார், டேலி ஆச்சு.

இந்தக் கலர் கைரேகை மாதிரின்னு அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தப்ப குண்டூர்ல (அன்னிக்கு மெட்ராஸ் மாகாணம்) ஒரு பிரெஞ்சுக்காரர் கருவியை வச்சு சூரியனோட ஓரத்து வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தார். அந்த வருஷ கிரகணத்துலயும் அதுக்குப் பின்னாடி இங்கிலாந்துலயும் பாத்ததுல சோடியம் மஞ்சளுக்குப் பக்கத்துலயே, ஆனா சோடியம் இல்லாத இன்னொரு மஞ்சள் கோடு இருந்துச்சு. பூமியில எந்தப் பொருளும் அந்தக் கலரைக் குடுக்கல. அதுக்குத்தான் ஹீலியம்னு பேர் வச்சாங்க, பூமியில அது கிடைச்சது 1895ல. யாரும் போக முடியாத சூரியன்ல என்ன இருக்குன்னு கலரை வச்சே சொல்லிட்டாங்க. பையன்கிட்ட சொல்லுங்க, குவாண்டம் எண்ணுங்கறது அந்தப் படிக்கட்டோட டோர் நம்பர்தான்டான்னு. ஏன் படிக்கட்டா இருக்கணும், சாய்தளமா இருக்கக் கூடாதான்னு அவன் திருப்பிக் கேட்டா, கும்பகோணத்துக்காரருக்குக் கீழ ஒரு பதில் சொல்லியிருக்கேன், அதைக் காட்டுங்க.

குவாண்டம்ங்கற வார்த்தைக்கே அர்த்தம் என்ன?
(தேனி)

லத்தீன்ல "எவ்வளவு"ன்னு அர்த்தம். நம்ம பாஷையில சொல்லணும்னா சில்லறை கிடைக்காத கடை. ஒரு ரூபா காயின் இருக்கு, எட்டணா இல்ல, நாலணா இல்ல, வாங்கினா முழு ரூபாய்க்கு வாங்கு இல்லாட்டி போ. வெளிச்சம் அப்படித்தான் பொட்டலம் பொட்டலமா வருது.

இதை ஆரம்பிச்சு வச்சது மேக்ஸ் பிளாங்க், பெர்லின்ல, 1900 டிசம்பர் 14. அவர் மண்டையைக் குடைஞ்சது கொல்லன் பட்டறை கேள்விதான், இரும்பைக் காய்ச்சினா முதல்ல சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் வெள்ளை, ஏன் அந்த வரிசை? பழைய தியரிப்படி கணக்குப் போட்டா காய்ச்சின இரும்புல இருந்து நீலத்துக்கும் அந்தாண்ட கண்ணுக்குத் தெரியாத கதிர் அளவே இல்லாம கொட்டணும்னு வந்துச்சு, பட்டறையில நிக்கறவன் கருகியே போயிருப்பான். சக்தி பொட்டலமாத்தான் கைமாறும்னு வச்சுக்கிட்டா கணக்கு சரியா வந்துச்சு. வேற வழியே தெரியாமத்தான் அப்படிச் செஞ்சேன்னு பின்னாடி அவரே எழுதியிருக்கார். அஞ்சு வருஷம் கழிச்சு ஐன்ஸ்டீன், கைமாறறது மட்டும் இல்ல, வெளிச்சமே பொட்டலம்தான்னார். நோபல் அவருக்கு இதுக்குத்தான் கிடைச்சது, எல்லாரும் நினைக்கற சார்பியலுக்கு இல்ல.

எனக்கு இது விளங்கினது எங்க சித்தப்பா ஸ்டூடியோவுல. பிளாக் அண்ட் ஒயிட் காலம், டார்க் ரூம்ல ஒரு சிவப்பு பல்பு, அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும், கழுவற பேப்பருக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு தடவை நான் கதவை ஒரு விரக்கடை திறந்துட்டேன், ஒரு செகண்டு கூட இருக்காது, திறந்து வச்சிருந்த ஒரு பாக்கெட் பேப்பரும் போச்சு, முதுகுல வாங்குனது இன்னும் ஞாபகம் இருக்கு. மணிக்கணக்கா எரியற சிவப்பு செய்யாததை ஒரு கீத்து பகல் வெளிச்சம் எப்படி செஞ்சுது? அந்தப் பேப்பர்ல ரசாயனம் மாறணும்னா ஒரே பொட்டலத்துல இவ்வளவு சக்தி வேணும்னு இருக்கு. சிவப்புப் பொட்டலத்துல அது கிடையாது. லட்சம் சிவப்புப் பொட்டலம் வந்தாலும் ஒண்ணொண்ணும் தனித்தனியா வந்து தோத்துட்டுப் போகும். நீலப் பொட்டலம் சிவப்பை விட ஒன்றரை மடங்கு கனம், ஒண்ணே போதும். பத்து ரூபா டோக்கன் கேக்கற மெஷின்ல அஞ்சு ரூபா காயினை எத்தனை போட்டாலும் கதவு திறக்காத மாதிரி.

நமக்கு ஏன் பொட்டலம் தெரியலன்னா அவ்வளவு பொடி. ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர் பாயின்டர்ல இருந்து செகண்டுக்கு மூவாயிரம் லட்சம் கோடி பொட்டலம் வருது. மூட்டை ரவையை தூரத்துல இருந்து பாத்தா மாவு மாதிரி தெரியாதா, அந்த மாதிரிதான்.

எலக்ட்ரான் அலையா துகளா? இப்படியும் அப்படியும் பேசாம ஒரு முடிவு சொல்லவும். நான் ரிட்டயர்டு வி.ஏ.ஓ, எனக்கு ஆமாம் இல்லைன்னு பதில் வேணும்.
(திருவண்ணாமலை)

அய்யா, ரெண்டும் இல்ல. கோவிச்சுக்காதீங்க, ரெண்டுமே நம்ம ஊர்ப் பொருளுக்கு நாம வச்ச பேர், எலக்ட்ரான் நம்ம ஊர் இல்ல. ஒரு குடும்பத்துக் கதை சொல்றேன், எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சு அது துகள்னு காட்டின ஜே.ஜே. தாம்சனுக்கு 1906ல நோபல், அது அலை மாதிரி நடந்துக்குதுன்னு காட்டினதுக்கு அவரோட மகனுக்கு 1937ல நோபல். அப்பாவும் சரி, மகனும் சரி.

அது என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க. 1989ல ஜப்பான்ல ஹிட்டாச்சி கம்பெனி லேப்ல அகிரா டொனோமுராவும் கூட இருந்தவங்களும் பண்ணின பரிசோதனை. எலக்ட்ரானை ஒவ்வொண்ணா அனுப்பினாங்க, கருவிக்குள்ள ஒரு சமயத்துல ஒண்ணு இருந்தாலே பெருசு. நடுவுல மெல்லிசா ஒரு கம்பி, அதுக்கு இந்தப் பக்கம் ஒரு வழி, அந்தப் பக்கம் ஒரு வழி. கடைசியில ஒரு திரை. முதல்ல ஒரு புள்ளி விழுது. அப்புறம் இன்னொரு புள்ளி, எங்கயோ. மழை ஆரம்பிக்கறப்ப சிமெண்ட் தரையில விழற சொட்டு மாதிரி அங்கங்க, ஒரு ஒழுங்கும் இல்ல. கொஞ்ச நேரம் பொறுத்து ஆயிரக்கணக்குல விழுந்தப்புறம் பாத்தா கோடு கோடா நிக்குது, இங்க நிறைய, பக்கத்துல ஒண்ணுமே இல்ல, திரும்ப நிறைய, திரும்ப ஒண்ணுமே இல்ல. பட்டாபட்டி துணி மாதிரி.

புள்ளி புள்ளியா விழறதால துகள்ங்கிறீங்க, கோடு வர்றதால அலைங்கிறீங்க. நான் கோட்டை விட்டுட்டு கோட்டுக்கு நடுவுல இருக்கற காலி இடத்தைப் பாக்கச் சொல்றேன். குவாண்டம்ல விசித்திரம்னு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான், அது அங்கதான் இருக்கு. ஒரே ஒரு வழி மட்டும் திறந்திருந்தா அந்தக் காலி இடத்துக்கும் எலக்ட்ரான் வந்து சேரும். ரெண்டாவது வழியையும் திறந்து விட்டா அங்க வர்றதே நின்னு போகுது! கல்யாண மண்டபத்துல ரெண்டாவது வாசலைத் திறந்தா பந்தியில கூட்டம் கூடும், ஒரு வரிசை இலைக்கு மட்டும் ஒருத்தருமே வராம போவாங்களா? இங்க போகுது.

இது எனக்குப் பல வருஷம் புரியல, ஒரு நாள் லெட்ஜர் பாக்கறப்பதான் பொறி தட்டுச்சு. நாம வழக்கமா போடற வாய்ப்புக் கணக்குல வரவு மட்டும்தான் உண்டு, இந்த வழியா வர வாய்ப்பு இவ்வளவு, அந்த வழியா இவ்வளவு, கூட்டு. கூட்டக் கூட்ட ஏறும், குறையவே குறையாது. எலக்ட்ரான் கணக்குல பற்றும் உண்டு, வரவும் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஒரு என்ட்ரி, அது பிளஸ்ஸாவும் இருக்கலாம் மைனஸாவும் இருக்கலாம். முதல்ல என்ட்ரியை எல்லாம் கூட்டிக் கழிச்சு நெட் பண்ணணும், வர்ற பாக்கியை அதே எண்ணால பெருக்கணும், அதுதான் வாய்ப்பு. கடைசி வரி மேக்ஸ் பார்ன் 1926ல சொன்னது.

போட்டுப் பாருங்க. ஒரு வழி மட்டும்னா என்ட்ரி 1, வாய்ப்பு 1 பங்கு. ரெண்டு வழியும் திறந்து ரெண்டும் பிளஸ்ஸா சேர்ற இடத்துல பாக்கி 2, பெருக்கினா 4. ரெண்டுக்குப் பதில் நாலு! ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸா வர்ற இடத்துல பாக்கி சைபர், அங்க எலக்ட்ரான் வராது. ஒரு இடத்துல 4, ஒரு இடத்துல 0, சராசரி எடுத்தா 2, ரெண்டு வழிக்கு ரெண்டு, மொத்தம் டேலி. யாரும் எதையும் திருடல, எடுத்து இடம் மாத்தி வச்சிருக்கு. இதைப் போட்டுப் பாத்த அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. (கறாரா சொன்னா பிளஸ் மைனஸ் மட்டும் இல்ல, கடிகார முள் மாதிரி எந்தத் திசையிலயும் நிக்கற என்ட்ரி அது. நமக்கு இது போதும்.)

ஆமாம் இல்லைன்னு கேட்டீங்க. விழறது முழுசா ஒரே இடத்துல, எங்க விழணும்னு கணக்குப் போடறது எல்லா வழிக்கும் சேத்து. இதுக்கு மேல சுருக்கினா பொய்யாயிடும் அய்யா.

நாம பாத்தா எலக்ட்ரான் மாறிடும்னு சொல்றாங்களே, அப்ப மனசுக்கு சக்தி இருக்குன்னு சயின்ஸே ஒத்துக்கிச்சுதானே? எங்க தெருவுல ஒருத்தர் குவாண்டம் டாலர்னு 4,500 ரூபா குடுத்து வாங்கிக் கழுத்துல போட்டிருக்கார்.
(கோயம்புத்தூர்)

அந்த 4,500 போனது போனதுதான், அதைக் கழட்டச் சொல்லுங்க முதல்ல. விளையாட்டுக்குச் சொல்லல. 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணு பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி டாலர், வளையல், கண் மாஸ்க்னு 10 அயிட்டத்தை சோதிச்சுப் பாத்து கதிரியக்கம் இருக்கு, போடாதீங்கன்னு எச்சரிக்கையே குடுத்துச்சு. எல்லா டாலரும் அப்படின்னு இல்ல. மிச்சது வெறும் தகடு.

"பாக்கறது"ங்கற வார்த்தைதான் எல்லாரையும் கவுத்துச்சு. வியன்னாவுல 1999ல எலக்ட்ரானை விட எவ்வளவோ பெரிய ஒரு மூலக்கூறை, 60 கார்பன் அணு ஃபுட்பால் மாதிரி சேந்தது, அதை வச்சே மேல திருவண்ணாமலைக்காரருக்குச் சொன்ன அந்தக் கோடுகளை வர வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் 2004ல அதே ஊர்ல 70 கார்பன் இருக்கற மூலக்கூறை வச்சு ஒண்ணு பண்ணினாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அனுப்பறதுக்கு முன்னாடி அதைச் சூடாக்கினாங்க. சூடேற ஏற கோடு மங்கி, ரொம்ப சூட்டுல காணாமலே போச்சு. யாரும் எட்டிப் பாக்கல, எந்த மனசும் அங்க இல்ல. சூடான இரும்பு மாதிரி அந்த மூலக்கூறே வெளிச்சத்தை விட்டுச்சு, அந்த வெளிச்சம் அது எந்த வழியில போகுதுன்னு காட்டிக் குடுத்துடுச்சு, அவ்வளவுதான்.

லெட்ஜர்ல சொன்னா பற்றையும் வரவையும் நெட் பண்ணணும்னா ரெண்டும் ஒரே பேர்ல இருக்கணும். முருகன் ஸ்டோர்ஸ் வரவை கணேசன் ஸ்டோர்ஸ் பற்றுல கழிச்சா ஆடிட்டர் சீட்டைக் கிழிச்சிடுவார். இந்த வழியா போனதுக்கு உலகத்துல எங்கயாவது, ஒரு காத்து மூலக்கூறுலயாவது, ஒரு தடம் பதிஞ்சா அது தனி அக்கவுண்ட் ஆயிடும், அந்த வழி என்ட்ரியோட கழிக்க முடியாது. கழியலன்னா கோடு இல்ல. தடம் பதியறதுதான் பாக்கறது, மனுஷன் வேண்டியதில்ல.

ஷ்ரோடிங்கரோட பூனை உயிரோட இருக்கா செத்துடுச்சா? பி.ஏ. தமிழ் படிக்கிறேன், மீம்ஸ்ல பாத்தது.
(திருநெல்வேலி)

தம்பி, அது நையாண்டி. 1935ல எர்வின் ஷ்ரோடிங்கர், "ஒரு அணு சிதைஞ்சா விஷம் உடையற மாதிரி வச்சுப் பூனையைப் பெட்டியில அடைச்சா, உங்க கணக்கை அப்படியே நம்பினா அந்தப் பூனை பாதி உயிரு பாதி பொணம்னு சொல்ல வேண்டியிருக்கும், இது நல்லாவா இருக்கு"ன்னு கேலி பண்ண எழுதினது. நாம அதையே பாடமாக்கிட்டோம். பூனை மூச்சு விடுது, சூடா இருக்கு, ரோமத்துல கோடிக்கணக்கான காத்து மூலக்கூறு மோதுது, எல்லாத்துலயும் தடம் பதியுது. மேல சொன்ன மாதிரி ரெண்டு அக்கவுண்டும் பிரிஞ்சு போகும், அதனால பாதிப் பூனையை யாரும் பாக்க முடியாது. ஆனா பிரிஞ்ச ரெண்டு அக்கவுண்ட்ல நாம எதுல இருக்கோம், ஏன் அதுலங்கறதுக்கு இன்னும் பெரிய ஆளுங்களே அடிச்சுக்கறாங்க, அதுல என் மூக்கை நுழைக்கல.

இருக்கற இடமும் வேகமும் ஒண்ணா தெரியாதாமே. நல்ல கருவி வந்தா தெரிஞ்சிடாதா?
(கும்பகோணம், நாதஸ்வர வித்வான் வீட்ல இருந்து)

உங்க வீட்ல இருந்தே இந்தக் கேள்வியா! தம்புராவை மீட்டினா சுருதி என்னன்னு சொல்லுவீங்க. நான் கையை ஒரு தடவை பட்டுன்னு தட்டினா, அது ஷட்ஜமா பஞ்சமமா சொல்லுங்க பாப்போம்? முடியாது, உங்க காதுல குறை இல்ல, கைத்தட்டலுக்கு சுருதியே கிடையாது. சுருதிங்கறது செகண்டுக்கு எத்தனை அதிர்வு, அதை எண்ணணும்னா சத்தம் கொஞ்ச நேரமாவது நீளணும். நீண்டா அது "எந்த நொடியில வந்துச்சு"ங்கற கேள்வி தளர்ந்து போகும். நொடி துல்லியமா வேணும்னா சுருதி போகும். எலக்ட்ரானுக்கு இடம் கைத்தட்டல், வேகம் சுருதி. 1927ல ஹைசன்பெர்க் சொன்னது இதுதான், கருவியில தப்பு இல்ல.

படிக்கட்டு ஏன்னு சிவகாசி அம்மாவுக்கு பாக்கி வச்சேனே, அதுவும் இங்கயே இருக்கு. வீணைத் தந்தியை ரெண்டு பக்கமும் கட்டியாச்சுன்னா அது முழுசா ஆடும், ரெண்டு பாகமா ஆடும், மூணு பாகமா ஆடும், ரெண்டே கால் பாகமா ஆட முடியாது. அப்படி ஆடப் போனா தன்னைத்தானே அடிச்சு அழிச்சுக்கும். அணுவுக்குள்ள அடைபட்ட எலக்ட்ரானுக்கும் அதே கதிதான், அழியாம நிக்கறது சில மட்டும், அதுதான் படி. திரும்பவும் அந்தப் பற்று வரவுதான், கவனிச்சீங்களா?

ரெட்டைப் பிள்ளை மாதிரி ரெண்டு துகள், ஒண்ணை இங்க தொட்டா அமெரிக்காவுல இருக்கறது ஆடுமாமே. அப்ப போன் பில்லே கட்ட வேணாமா?
(தூத்துக்குடி)

கட்டணும். ஒரு ஜோடி செருப்பை ரெண்டு டப்பாவுல போட்டு ஒண்ணை சிங்கப்பூருக்கு அனுப்பிட்டு இங்க திறந்தா இடது கால், அப்ப அங்க வலதுன்னு உடனே தெரியும், அதுல என்ன அதிசயம்? ஐன்ஸ்டீன் இப்படி ஏதோதான் இருக்கும்னு நினைச்சார். 1964ல ஜான் பெல், வெறும் செருப்பு ஜோடியா இருந்தா ரெண்டு பக்க முடிவும் ஒத்துப் போறதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, அதைத் தாண்ட முடியாதுன்னு கணக்குல காட்டினார். சோதிச்சுப் பாத்தா தாண்டுது. கிளாசர், ஆஸ்பெக்ட், சைலிங்கர் மூணு பேருக்கும் 2022 நோபல் இந்த வேலைக்குத்தான். ஆனா சேதி அனுப்ப முடியாது. உங்க பக்கம் பாத்தா பூவா தலையா மாதிரி தாறுமாறா ஒரு வரிசை, அந்தப் பக்கமும் தாறுமாறுதான். ரெண்டு பிராஞ்ச் புக்கையும் பக்கத்துல வச்சு ரீகன்சைல் பண்ணினாத்தான் ஒத்துப் போறதே தெரியும், அந்த புக் வர்றது சாதாரண தபால்ல, வெளிச்சத்தை விட வேகமா வராது.

அணுவைத் துளைச்சதா ஔவையாரே சொல்லியிருக்காங்க. நம்ம முன்னோருக்குத் தெரியாத குவாண்டமா?
(சென்னை)

இந்த ஃபார்வர்ட் எனக்கும் மாசம் ரெண்டு தடவை வருது. அது குறளோட சுருக்கத்தைப் பாராட்டின பாட்டு, அணு ஆராய்ச்சி ரிப்போர்ட் இல்ல. பாட்டோட அழகை விட்டுட்டு அதைப் போய் லேபுக்கு இழுக்கறது பாட்டுக்கும் மரியாதை இல்ல, லேபுக்கும் இல்ல.

பெருமைப்படணும்னா நெசமாவே ஆள் இருக்காங்களே. திருச்சியில பொறந்த சர் சி.வி. ராமன், அவர் எங்க ஆளு சார், அக்கவுண்ட்ஸ்! 1907ல நிதித்துறையில சேந்து, பெரும்பாலும் கல்கத்தாவுல, பத்து வருஷம் ஆபீஸர் வேலை பாத்துக்கிட்டே ஆபீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் லேப்ல உக்காந்தவர். மிருதங்கத்தோட கரணை ஏன் சுருதி சேக்குதுன்னு ஆராய்ஞ்சு எழுதினதும் அவர்தான். 1928 பிப்ரவரி 28, கூட வத்திராயிருப்புல பொறந்த கே.எஸ். கிருஷ்ணன். ஒரே கலர் வெளிச்சத்தை ஒரு திரவத்துல பாய்ச்சினா சிதறி வர்றதுல கொஞ்சூண்டு கலர் மாறி வருது. மூலக்கூறு தன் படிக்கு ஏத்த மாதிரி ஒரு பொட்டலத்துல இருந்து கமிஷன் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை விடுது, எவ்வளவு பிடிச்சதுன்னு பாத்தா அது எந்த மூலக்கூறுன்னு தெரிஞ்சிடும். 1930ல நோபல். அதே வருஷம் அவரோட அண்ணன் மகன் சந்திரசேகர், சென்னை பிரசிடென்சி காலேஜ் முடிச்ச 19 வயசுப் பையன், இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்ப குவாண்டத்தையும் சார்பியலையும் சேத்து கணக்குப் போட்டு, செத்துப் போற நட்சத்திரம் ஒரு அளவு எடைக்கு மேல இருந்தா வெள்ளைக் குள்ளனா (எரிஞ்சு முடிச்சு சுருங்கிக் கிடக்கற நட்சத்திரம்) தாக்குப் பிடிக்காதுன்னு கண்டுபிடிச்சார், அந்த அளவு இன்னிக்கு கணக்குப்படி சூரியனைப் போல 1.4 மடங்கு. இந்தக் கதையை ஃபார்வர்ட் பண்ணுங்களேன், யாரு வேணாம்னா.

இதனால எனக்கு என்ன பிரயோஜனம்?
(கரூர்)

இந்தக் கேள்வியை போன்ல டைப் பண்ணித்தானே அனுப்பினீங்க? அதுக்குள்ள இருக்கற டிரான்சிஸ்டர் (கண்ணுக்குத் தெரியாத குட்டி சுவிட்ச்) எல்லாம் இந்தப் படிக் கணக்குதான். பென் டிரைவ்ல எலக்ட்ரான் தாண்ட முடியாத சுவத்தைத் தாண்டி உள்ள போய் உக்காருது, அதுவும் இதே கணக்கு. சூரியனே அந்தச் சுவர் தாண்டற வித்தையாலதான் எரியுது, உள்ள ஒன்றரைக் கோடி டிகிரி இருந்தும் வெறும் சூடு பத்தாது.

நீங்க சொன்ன சிடியை வச்சுப் பாத்தோம். எங்க வீட்ல டியூப்லைட் இல்ல, எல்இடி பல்புதான். கோடு ஒண்ணும் வரல, வானவில் மாதிரி தொடர்ச்சியாத்தான் வருது, நீலம் மட்டும் தனியா பளிச்சுன்னு. நாங்க ஏதும் தப்பா பண்றோமா?
(ஈரோடு, ஆறாவது படிக்கற பொண்ணும் அம்மாவும்)

தப்பு என்னோடது, எல்லார் வீட்லயும் டியூப்லைட் இருக்கும்னு நினைச்சுட்டேன். நீங்க பாத்தது ரொம்பச் சரி, அந்த நீலத்தைக் கவனிச்சீங்களே, சபாஷ். பழைய டியூப்லைட்டுக்குள்ள பாதரச ஆவி இருக்கு, அதுல அணு ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி தனியா இருக்கும், அதனால படி சுத்தமா தெரியும், பச்சையில ஒரு கோடு, ஊதா நீலத்துல ஒரு கோடு. எல்இடி கெட்டிப் பொருள், அதுல அணு எல்லாம் டவுன் பஸ்ல மாதிரி நெருக்கியடிச்சு நிக்குது. அப்ப ஒரு படி பல கோடி குட்டிப் படியா பிரிஞ்சு சாய்தளம் மாதிரி ஆயிடும். ஆனா கீழ்த்தளத்துக்கும் மேல்மாடிக்கும் நடுவுல ஒரு இடைவெளி மட்டும் மிச்சம் இருக்கும், எலக்ட்ரான் அந்த இடைவெளியில குதிக்கறப்ப வர்றதுதான் அந்த நீலம். சிவப்பு எல்இடி 1962லயே வந்துடுச்சு, நீலத்துக்கு ஏத்த இடைவெளி இருக்கற பொருளைப் பிடிச்சு வழிக்குக் கொண்டு வர இன்னும் 30 வருஷம் ஆச்சு, அந்த வேலையைப் பண்ணின மூணு பேருக்கு 2014ல நோபல் குடுத்தாங்க.

அப்ப வெள்ளை எங்க இருந்து வருது? நீல எல்இடி மேல மஞ்சளா ஒரு பூச்சு பூசியிருக்காங்க, அது நீலத்துல கொஞ்சத்தை முழுங்கிட்டு பச்சையில இருந்து சிவப்பு வரைக்கும் பரவலா திருப்பி விடுது, அதான் உங்க வானவில். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல கொஞ்சம் இருட்டா ஒரு பள்ளம் இருக்கும், இன்னிக்கு ராத்திரி திரும்பப் பாருங்க. பூச்சைப் பாக்கணும்னா அம்மாவோட போன் டார்ச்சை அணைச்சுட்டு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள பாரு பாப்பா, வெள்ளையா இருக்காது, மஞ்சளா ஒரு பொட்டு தெரியும். எரியறப்ப பாக்காத, கண்ணு கூசும்.